டீ கிளாஸ் வைக்கக்கூடாத பானெட்

வளைகாப்பு பஹ்ரைனில். நான் போய் இறங்கியது அபுதாபியில். "இங்க வந்துரு கோமு, சேர்ந்து போவோம்" என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். சேர்ந்து போவது என்றால் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை என்று நான் எடுத்துக்கொண்டேன். கொடுக்கும் பழச்சாற்றைக் குடித்து முடிப்பதற்குள் இறக்கிவிடும் தூரம்தான் அது.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அத்தான் விஷயத்தைச் சொன்னார். காரில் போகிறோம். சவூதிக்குள் புகுந்து, தம்மாமில் ஓர் இரவு தங்கி, கடல் பாலத்தின் வழியாகப் பஹ்ரைன். எந்தக் காரில் என்று கேட்டேன். அத்தான் சிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா சிரிக்கவில்லை.

அந்தக் காரை எனக்கு இருபது வருடமாகப் படங்களில் தெரியும். எழுபதுகளில் செய்த அமெரிக்கக் கார். டொரனாடோ என்று பெயர். ஊர் திரும்பிய ஓர் எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கரிடமிருந்து அத்தான் வாங்கியது. நேரில் பார்த்தபோது முதலில் தோன்றியது, இதை வடிவமைத்தவருக்கு இடப் பற்றாக்குறை என்றால் என்னவென்று தெரிந்திருக்காது என்பதுதான். இவ்வளவு நீளத்துக்கும் கதவு இரண்டே இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு பீரோ கதவின் அகலம். பின் கண்ணாடிக்குக் கீழே இன்னொரு ஜோடி பிரேக் விளக்கு. முன்னால் பானெட். காரின் பாதி அதுதான். அடர் சிவப்பு, தொழிற்சாலையில் அடித்த அதே பெயின்ட். அதன்மேல் யாரும் கை வைக்கக்கூடாது.

அத்தானுக்கு மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். விசா ரத்தாகும். ஊருக்கு வந்துவிடுகிறார்கள். காரை எடுத்துவர முடியாது. அபுதாபியில் வாங்க ஆள் இல்லை. பழைய இரும்பு எடுப்பவர் மட்டும் வந்து, கதவைத் திறக்காமலே கண்ணால் எடை பார்த்துவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போது அத்தான் குரல் இறங்கியது. கடைசியில் பஹ்ரைனில் ஒருவர் அகப்பட்டார். அபு யூசுப் என்பார்கள். கிடங்கு நிறைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர். அவருக்கு இரண்டு நிபந்தனை: வண்டி தன் சக்கரத்தில் ஓடி வரவேண்டும், பெயின்ட் பழையதாகவே இருக்கவேண்டும்.

அக்காவின் ஒரே மகள் நித்யா இருப்பதும் பஹ்ரைனில்தான், ஈசா டவுனில். அங்கே இந்தியப் பள்ளியில் டீச்சர். ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை காலை ராகுகாலத்துக்கு முன்னால் வளைகாப்பு. முதல் வளையல் அம்மா கையால்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். எனவே அத்தான் காரையும் வளைகாப்பையும் ஒரே பயணத்தில் கட்டிவிட்டார்.

"நான் பிளேன்ல போறேன், நீங்க உங்க கப்பல்ல வாங்கன்னு சொன்னேன், கோமு. மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு ரெண்டு நாளா சாப்பிடல. என்ன செய்ய?" என்றாள் அக்கா.

மறுநாள் முழுவதும் முசஃபாவில் போனது. அபுதாபியில் ஓடும் எல்லாம் பழுதானால் அங்கேதான் போகும். தெருவுக்குத் தெரு கராஜ். ஒரு கடையில் வெல்டிங் பொறி, அடுத்ததில் டயர், அதற்கடுத்ததில் மீண்டும் வெல்டிங் பொறி. மெக்கானிக் செல்வம் பரமக்குடிக்காரர். பெரிய பெரிய அமெரிக்க வண்டிகளைப் பிரித்துப் போட்ட கை. காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகத்தில் துக்கம் இருந்தது.

"சார், ஷாஃப்ட்ட எவனோ உருவிட்டான் சார்."

"இதுல பின்னாடி போற ஷாஃப்ட்டே கிடையாது, செல்வம்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். கிடையாது. எவனோ உருவிட்டான்."

அப்போதுதான் அத்தானின் சொற்பொழிவை முதல்முறையாக முழுதாகக் கேட்டேன். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் எஞ்சின் முன்னால் இருக்கும், சக்தி பின் சக்கரத்துக்குப் போகும், பின் சக்கரம் வண்டியைத் தள்ளும். இது அப்படியில்லை. இதில் முன் சக்கரமே வண்டியை இழுக்கும். அதனால்தான் உள்ளே தரை மேடில்லாமல் மட்டமாக இருக்கிறது. "மாட்டை வண்டிக்கு முன்னாடி கட்டுவியா, பின்னாடி கட்டுவியா?" என்று முடித்தார்.

"மாடு சரி சார். அமெரிக்கா வண்டி எப்பவும் பின்னாடிதான் தள்ளும்" என்றார் செல்வம்.

புது டயர் இரண்டு வாங்கியிருந்தது. செல்வம் அவற்றைப் பின்னால் மாட்டினார். அத்தான் கழற்றச் சொல்லி முன்னால் மாட்ட வைத்தார். பக்கத்துத் தமிழ் மெஸ்ஸில் ஷேரி மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். குழம்பில் புளி சரியாக இருந்தது. அன்றைய நாளில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். திரும்பி வந்தால் புது டயர் மறுபடியும் பின்னால் இருந்தது. "ஃபேமிலியோட போறீங்க சார். மனசு கேக்கல" என்றார் செல்வம். மீண்டும் கழற்றி, மீண்டும் மாட்டி, அத்தான் மீண்டும் மாட்டைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது.

வியாழக்கிழமை கிளம்பினோம். நான் பின் இருக்கையில். பின் கண்ணாடிகள் திறக்காது. ஏசி இரண்டு நிலைகளில் ஓடும்: சத்தம், அதிகச் சத்தம். நான் திருநெல்வேலியிலிருந்து தூக்கி வந்த கண்ணாடி வளையல் பெட்டி, முறுக்கு டின், அக்காவின் பட்டுப்புடவைப் பை எல்லாம் டிக்கியில். டிக்கியில் இன்னும் ஒரு குடும்பம் குடியேறலாம். பின் இருக்கையில் என் முழங்காலுக்கு இடமில்லை.

ஊருக்கு வெளியே ஒரு மலையாளி டீக்கடை. இங்கே யாரும் இறங்கிப் போய்க் குடிப்பதில்லை. கடை வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தால் டீ காருக்கு வரும். நம் ஊரில் ஒரு டீக்கடை முன்னால் இப்படி ஹார்ன் அடித்தால் என்ன வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மூன்று கிளாஸ் தட்டோடு வந்தார். தட்டைப் பானெட்மேல் வைக்கக் குனிந்தார். அத்தான் அவ்வளவு வேகமாக இறங்கி நான் பார்த்ததில்லை. "நோ, நோ, பாய், நோ!" தட்டு அந்தரத்தில் நின்றது. டீ பாதி அவர் கையில், மீதி என் அத்தான் சட்டையில்.

"கல்யாணமான நாள்லேர்ந்து என்மேல டீ கொட்டிருக்கு, குழம்பு கொட்டிருக்கு. ஒரு நாள் இப்படி இறங்கி ஓடி வந்தது கிடையாது" என்றாள் அக்கா, காரின் முன்கண்ணாடியைப் பார்த்து.

எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரி ஓர் இளைஞர். கார் எந்த வருடத்தது என்று கேட்டுவிட்டு அதனுடன் செல்ஃபி எடுத்துக்கொண்டார். அங்கேயே விட்டிருக்கலாம். அத்தான் இது முன் சக்கர வண்டி என்று ஆரம்பித்தார். அதிகாரி நம்பவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் குனிந்து பார்த்தார். ஷாஃப்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்றால் அங்கே எதையாவது ஒளித்து வைத்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. நியாயமான சந்தேகம்தான். காருக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்து, மோப்ப நாயைக் கொண்டுவந்து, எல்லாம் முடிந்து நாங்கள் கிளம்பியபோது, எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

அதற்கப்புறம் சாலை. இரண்டு பக்கமும் மணல். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. லாரிகள், தூரத்தில் மின்கம்பங்கள், அவ்வப்போது ஒட்டகம் கடக்கும் என்று எச்சரிக்கும் பலகை. ஒட்டகம் கடக்கவில்லை.

மாலை வெயில் சாய்ந்து காரின் சிவப்பு நன்றாக எழுந்தபோது அத்தானுக்கு அந்த யோசனை வந்தது. அபு யூசுப் ஒரு படம் கேட்டிருக்கிறார். பின்னால் மணல்மேடு, முன்னால் கார். அடித்துக்கொள்ள முடியாத படம்.

"ரோட்டுலயே நிறுத்தி எடுங்க" என்றாள் அக்கா.

"ஓரமாத்தான் நிறுத்துதேன்."

ஓரம் என்பது தார் முடிந்து, சரளை முடிந்து, அதற்கும் அப்பால் மூன்று கார் நீளம் என்று அத்தான் வைத்திருந்தார். படம் எடுத்தார். நன்றாகவே இருந்தது. பிறகு ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டார். எஞ்சின் உறுமியது. மூக்குக் கனத்த வண்டி. முன் சக்கரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே மணலுக்குள் இறங்கின.

நான் இன்ஷூரன்ஸ் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் இந்தி. ரெக்கவரி வண்டி இன்று வராது. புக்ரா. நாளைக்கு. அதுவும் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த பிறகு. அதாவது நித்யா கையில் வேறு யாரோ முதல் வளையலைப் போட்டு முடித்துப் பந்தியும் எழுந்த பிறகு. அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாள்.

நம் ஊரில் ஒரு கார் மண்ணில் இறங்கினால் முதலில் ஆலோசனை வரும். இங்கே ஆட்களே வருகிறார்கள். ஆலோசனையையும் கூடவே கொண்டுவருகிறார்கள். முதலில் ஒரு பிக்கப் நின்றது. பின்னால் ஆடுகள். இறங்கியவர் வயதான சவூதிக்காரர். ஒரு கயிற்றை எடுத்துக் கட்டி இழுத்தார். ஆடு கட்டும் கயிறு. அது ஆட்டைத்தான் தாங்கும். அறுந்தது. அடுத்ததாக ஒரு கம்பெனி பஸ் நின்றது. சைட்டிலிருந்து கேம்ப்புக்குத் திரும்பும் தொழிலாளிகள். முதலில் குதித்தவர் தமிழ் பேசினார். முருகேசன், அறந்தாங்கிப் பக்கம்.

"என்னண்ணே, இம்மாம் பெரிய வண்டிய எதுக்கு மணல்ல எறக்குனீங்க?"

"ஒரு போட்டோ எடுக்கலாம்னு..."

"போட்டோவா?" முருகேசன் திரும்பிப் பார்த்து அதை இந்தியில் சொன்னார். யாரோ அதை வங்காளத்தில் சொன்னார்கள். சிரிப்பு மூன்று தவணையாக வந்தது.

பெரியவர் யாரையும் கேட்காமல் டயர்களின் காற்றைப் பாதி இறக்கினார். காருக்குள் விரித்திருந்த கால் மிதியடிகளைச் சக்கரத்துக்கு அடியில் சொருகச் சொன்னார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்துவிட்டார். மணல் தெரிந்தவன் ஓட்டுவான். யாருடைய கார் என்பது அங்கே ஒரு கேள்வியே இல்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கத்தினார். "யல்லா! வரா, வரா!" யல்லா என்றால் சீக்கிரம், வரா என்றால் பின்னால். மணலில் வண்டி சிக்கினால் பின்னால் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுப்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் பழகிய வேலை. பஸ்ஸில் வந்தவர்கள் ஓடிப்போய் டிக்கி மேல் ஏறினார்கள்.

"ஐயோ, வளையல்!" என்று அக்கா அலறினாள். எல்லாரும் இறங்கினார்கள். டிக்கியைத் திறந்து வளையல் பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்து அணைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் உட்கார்ந்தாள். மறுபடியும் எல்லாரும் ஏறினார்கள். இந்த முறை ஓட்டும் இடத்தை இழந்த அத்தானும் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி, அவர்களோடு ஏறி டிக்கிமேல் உட்கார்ந்து, தன் கனத்தையும் கொடுத்தார்.

கார் பின்னால் தாழ்ந்தது. மூக்கு மேலே எழுந்தது. முன் சக்கரங்கள் மணலைத் தொட்டும் தொடாமலும் சுழன்று எங்கள் எல்லார்மேலும் இறைத்தன. "இன்னும் பின்னாடி, இன்னும் பின்னாடி!" என்று அத்தானே கத்தினார். இருபது வருடம், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்ன மனுஷர்.

வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு நான் சொன்னேன். "அத்தான், மாடு எந்தப் பக்கம்?"

அவர் என்னைப் பார்த்தார். டிக்கியிலிருந்து மெதுவாக இறங்கினார். சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். பானெட்டைப் பார்த்தார். என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைச் செய்தால் என்ன போகும் என்பதும் தெரியும்.

முருகேசனும் பின்னாலேயே வந்திருந்தார். "முன்னாடி ஏறணுமாண்ணே? இழுவை முன்னாடியா?" பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டார். இரும்பு வைத்த சைட் பூட்ஸ். "கழட்டிட்டு ஏறவா?"

அத்தான் தோளில் இருந்த துண்டை எடுத்துப் பானெட்மேல் விரித்தார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆடுகள்மேல் போட்டது. திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் காரைப் பார்க்கவில்லை. பெட்டியை மடியில் வைத்தபடி சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்ட வேண்டாம். நேரமாச்சு. ஏறுங்கப்பா" என்றார். சொல்லிவிட்டுச் சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான்கு பேர் ஏறினார்கள். ஏறும்போது ஒரு சத்தம் வந்தது, காலி எண்ணெய் டின்னை மிதித்தது போல. பிறகு இன்னொன்று. முன் சக்கரங்கள் மிதியடியைக் கவ்வின. கார் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்து, பானெட்மேல் நான்கு பேரோடு பின்பக்கமாகவே ஊர்ந்து சரளைக்கு ஏறியது. பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தார். ஆடுகள் கத்தின.

பெரியவர் இறங்கிவந்து குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார். அரபியில் நீளமாக ஏதோ கேட்டார். முருகேசன் மொழிபெயர்த்தார்: "முன் சக்கர வண்டியாண்ணே? மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லன்னு கேக்குறாரு."

அக்கா முறுக்கு டின்னைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்தாள். வளைகாப்புக்கு என்று சுட்ட முறுக்கு. பெரியவர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் டயர்களுக்குக் காற்று நிரப்பிக்கொண்டு இரவில் தம்மாம் சேர்ந்தோம். தங்கிய வீட்டில் அத்தான் காரைச் சுவர்ப் பக்கமாக மூக்கை வைத்து நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை பாலத்தைக் கடந்து ஈசா டவுன் வந்து சேர்ந்தபோது ராகுகாலம் பிறக்க இன்னும் நேரம் இருந்தது, அதிகம் இல்லை. அக்கா முகம்கூடக் கழுவாமல் மணையில் உட்கார்ந்திருந்த மகளிடம் போனாள். "என்னம்மா, தலையெல்லாம் மண்ணு?" என்றாள் நித்யா. "உங்க அப்பாவக் கேளு" என்று சொல்லி அக்கா முதல் வளையலைப் போட்டாள். பெட்டியில் ஒரு வளையல்கூட உடையவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுக்கொண்டு எல்லாருடைய கை வளையலையும் எண்ணிப் பார்த்தார்கள். புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

தொழுகைக்குப் பிறகு அபு யூசுப் வந்தார். வெள்ளை அங்கி, கையில் ஜெபமாலை. காரைச் சுற்றி வந்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்து, முன்னால் வந்ததும் நின்றது. பானெட்டில் மூன்று பள்ளங்கள். ஒன்றில் பூட்ஸ் விளிம்பு வரைந்த கோடு.

"யார் உட்கார்ந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அத்தான் சொன்னார். இது முன் சக்கர வண்டி என்பதிலிருந்து ஆரம்பித்து, மணல், ஆடு, பஸ் எல்லாம். அபு யூசுப் குறுக்கே பேசாமல் கேட்டார். இந்தப் பயணத்தில் அதை முழுதாகக் கேட்ட ஒரே அந்நியர் அவர்தான்.

"முன் சக்கரம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வாங்க நினைத்தேன். ஆனால் மணலுக்குள் ஏன் போனீர்கள்?"

"படம் எடுக்க. நீங்கள்தானே கேட்டீர்கள்?"

"நான் கேட்டது எஞ்சின் படம்" என்றார் அபு யூசுப்.

பள்ளத்தை எடுத்தால் பெயின்ட் போகும். பெயின்ட் போனால் அவருக்கு வேண்டாம். அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கி, அக்காவுக்கு வாழ்த்துச் சொல்லி, பேரப்பிள்ளை நலமாகப் பிறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை தன் சின்ன ஜப்பானியக் காரை வெளித் தெருவுக்கு நகர்த்தி, தன் நிழல் இடத்தை மாமனாருக்குக் கொடுத்தார். இப்போதைக்கு இங்கேயே நிற்கட்டும் என்றார். இப்போதைக்கு என்பது எவ்வளவு காலம் என்று யாரும் கேட்கவில்லை.

நான் சாயங்கால விமானத்தில் கிளம்பினேன். அதற்கான டிக்கெட்டை முதல் நாளே என் போனில் நானே போட்டுவிட்டேன். மாப்பிள்ளை பெட்டியை எடுத்துப் போனார். வழியனுப்ப அக்கா கீழே வந்தாள். ஒரு கையில் எனக்கான புளியோதரைத் தூக்குவாளி, இன்னொரு கையில் என் பை, கக்கத்தில் தாம்பூலப் பொட்டலம். பொட்டலம் நழுவியது. பிடிப்பதற்காக, எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல், தூக்கைப் பக்கத்தில் இருந்த பானெட்மேல் வைத்தாள்.

வைத்த பிறகுதான் பார்த்தாள். நானும் பார்த்தேன். அத்தான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். தூக்கு சரிவில் கொஞ்சம் வழுக்கியது.

"அங்க நிக்காது" என்றார் அத்தான். "கொஞ்சம் எடப்பக்கம் தள்ளி வையி. அந்தப் பள்ளம்தான் நல்ல ஆழம்."